ஆன்டிகைனஸ்: ஆண்களே இல்லாமல் போகும் காடு

ஆன்டிகைனஸ் ஆஸ்திரேலியக் காடுகளில் வாழும் சிறிய பைப்பாலூட்டி. கங்காரு, கோலா, வாம்பட் போன்ற பெரிய பைப்பாலூட்டிகளுக்குக் கிடைத்த புகழில் ஒரு துளிகூட இதற்குக் கிடைக்கவில்லை. பார்ப்பவர்கள் இதைச் சாதாரண எலி என்றே நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் பாலூட்டிகளின் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பவர்களை இந்த அளவுக்குத் திகைக்கவைத்த விலங்குகள் குறைவு. ஆண்டுதோறும் குளிர்காலத்தின் இறுதியில் இரண்டு மூன்று வாரம் இவை இணைசேர்கின்றன. அது முடிந்த சில நாட்களுக்குள், அந்தக் காட்டில் உள்ள வளர்ந்த ஆண்கள் எல்லாமே இறந்துபோகின்றன. மீதியிருப்பவை பெண்களும் அவற்றின் வயிற்றில் வளரும் கருக்களும் மட்டுமே.

இந்தப் பேரினத்துக்கு 1841-இல் வில்லியம் ஷார்ப் மக்லே பெயர் சூட்டினார். இன்று இதில் 15 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று, குவீன்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் கிழக்குப் பகுதியிலும் வாழும் பழுப்பு ஆன்டிகைனஸ். மற்றொன்று, அதற்குத் தெற்கே விக்டோரியா மாநிலக் காடுகளில் பரவியிருக்கும் சுறுசுறுப்பு ஆன்டிகைனஸ். இவ்விரண்டும் ஒரே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 1998-இல்தான் தனித்தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன.

எலிக்கும் ஆன்டிகைனஸுக்கும் தோற்றத்தில் உள்ள ஒற்றுமை மேலோட்டமானது. டாஸ்மேனியப் பேய் என்ற ஊனுண்ணி சேர்ந்திருக்கும் டாஸ்யூரிடே குடும்பத்தைச் சேர்ந்தது இது. முகத்தை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும். காது மெல்லியதாய், விளிம்பில் ஒரு சிறு வெட்டுடன் இருக்கும். வாயைத் திறந்தால் எலிக்கு உள்ளது போல் முன்னே நீண்ட ஒரு ஜோடி வெட்டுப்பற்கள் இருக்காது; மேலே 4 ஜோடியும் கீழே 3 ஜோடியுமாகப் பொடிப்பொடியான கூர்ப்பற்கள் வரிசைகட்டியிருக்கும். அது கொறிப்பதற்கான வாய் இல்லை, பிடித்துக் கிழிப்பதற்கான வாய். பாதங்கள் அகலமானவை, அடியில் உள்ள வரிவரியான மெத்தைகளின் பிடிப்பால் கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகவும் ஓடமுடியும். வளர்ந்த ஆண் பழுப்பு ஆன்டிகைனஸ் சுமார் 35 கிராம் இருக்கும். பெண் அதைவிடக் கணிசமாகச் சிறியது, 20 கிராமைச் சற்று தாண்டலாம்.

யூகலிப்டஸ் காடுகளில் அடர்ந்த புதரும், விழுந்து கிடக்கும் மரங்களும், தடித்த சருகுப் படுகையும் உள்ள இடங்களே இதன் இருப்பிடம். சருகைக் கிளறி வண்டு, சிலந்தி, கரப்பான், பூரான் ஆகியவற்றைப் பிடித்துத் தின்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் சிறு பல்லியையும் சுண்டெலியையும்கூட விடாது. மஞ்சள்கால் ஆன்டிகைனஸ் என்ற இனம் சுண்டெலியைத் தின்று முடித்தபின் அதன் தோலை உட்புறம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். பூக்காலத்தில் பேங்க்சியா மலர்களில் ஏறித் தேனையும் குடிக்கும். அப்போது முகத்தில் ஒட்டிய மகரந்தம் அடுத்த பூவுக்குப் போகிறது. பூச்சியும் பறவையும் செய்யும் மகரந்தச் சேர்க்கையில் இந்தப் பொடி வேட்டைக்காரனுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு சிறிய உடல் வெப்பத்தை வேகமாக இழக்கும். அதை ஈடுகட்ட ஓயாமல் தின்ன வேண்டும். குளிர்காலத்தில் பூச்சிகளோ அருகிவிடும். இந்த நெருக்கடியை ஆன்டிகைனஸ் இரண்டு வழிகளில் சமாளிக்கிறது. முதலாவது, உடல் வெப்பத்தையும் வளர்சிதை மாற்றத்தையும் சில மணி நேரம் வெகுவாகக் குறைத்துக்கொண்டு மந்தநிலையில் கிடப்பது. நாட்கணக்கில் நீளும் நெடுந்துயில் இல்லை இது; அன்றன்றைக்குப் போய் அன்றன்றைக்கு மீளும் குட்டித் துயில். காட்டுத்தீக்குப் பிறகும் இந்தத் திறன் கைகொடுக்கிறது. தீ பரவிய காட்டில் பழுப்பு ஆன்டிகைனஸ்களைக் கண்காணித்த ஆய்வாளர்கள், அவை பகல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு மந்தநிலையில் கூடுதல் நேரம் கழித்ததை 2015-இல் பதிவுசெய்தார்கள். மறைவிடமாக இருந்த புதர் எரிந்துபோன நிலத்தில் வெளியே திரிந்தால் ஆந்தைக்கும் பூனைக்கும் நரிக்கும் இரையாக நேரிடும். உணவுத் தேவையையே குறைத்துக்கொண்டால் அந்த அளவுக்கு வெளியே வர வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, கூடி உறங்குவது. மரப்பொந்துகளில் இலைகளால் அமைத்த கூட்டில் பத்துக்கும் மேற்பட்டவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடப்பதுண்டு. இந்தக் கூட்டம் நிலையான குடும்பம் இல்லை. இன்று ஒரு பொந்தில் இருப்பது நாளை வேறொன்றில் இருக்கும். ஆண்கள் இரவில் பல பொந்துகளுக்குப் போய் வருகின்றன. குளிர் முற்றும்போது எந்தப் பொந்தில் எந்தப் பெண்கள் உள்ளன என்பது சுற்றுவட்டார ஆண்களுக்கு இவ்வாறு பழகிவிடுகிறது.

இணைசேரும் பருவம் எப்போது என்பதை நிர்ணயிப்பது வானிலை இல்லை, பகல் நீளும் வேகம். தென் அரைக்கோளத்தில் ஜூன் இறுதியிலிருந்து பகல் நீளத் தொடங்குகிறது. முதலில் நாளுக்குச் சில நொடிகளாக இருக்கும் இந்த நீட்சி, வசந்தம் நெருங்க நெருங்க வேகம் பிடிக்கிறது. இந்த வேகம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது பெண்களின் சினைமுட்டை வெளிப்படுகிறது. பழுப்பு ஆன்டிகைனஸைப் பொறுத்தவரை அந்த அளவு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வரை. ஒவ்வோர் இனத்துக்கும் அளவு வேறு. அதனால் ஒரே காட்டில் இரண்டு இனங்கள் வாழ்ந்தாலும் அவற்றின் பருவங்கள் மோதிக்கொள்வதில்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும், குளிர் கூடினாலும் குறைந்தாலும், சூரியனின் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு பிசகாது. எனவே ஓரிடத்தில் உள்ள பெண்கள் எல்லாம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரே தேதிகளில் கருத்தரிக்கின்றன. பழுப்பு ஆன்டிகைனஸுக்கு இது இடத்தைப் பொறுத்து ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் வருகிறது.

அந்த இரண்டு மூன்று வாரத்துக்கான ஆயத்தத்தை ஆணின் உடல் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. இதில் வியப்பான ஒன்று உண்டு. பருவம் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பே விரைகள் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடுகின்றன. அதுவரை உற்பத்தியானது விந்தகமேல் குழலில் சேமிப்பாக இருக்கும். ஆணின் வாழ்நாளுக்கு உள்ள முதல் அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி சிறுநீருடன் கசிந்து வீணாகிறது. நாள் தள்ளினால் கையிருப்பு கரையும். இனி அந்த உடலில் ஓடுவது புதுப்பிக்க முடியாத ஒரு கணக்கு.

பருவம் தொடங்கியதும் ஆண்கள் இரவும் பகலும் பெண்களைத் தேடி அலைகின்றன. ஒரு புணர்ச்சி 12 மணி நேரம்கூட நீடிக்கலாம். விந்தணுவைச் சேர்ப்பதற்கு மட்டும் அவ்வளவு நேரம் தேவையில்லை. பிடியை விடாமலிருந்து மற்ற ஆண்களை நெருங்கவிடாமல் தடுப்பதும் அதில் அடங்கும். ஒன்று முடிந்ததும் அடுத்த பெண்ணைத் தேடிப் போகின்றன. தூக்கத்தையும் விட்டுக்கொடுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருமை ஆன்டிகைனஸ் ஆண்கள் இனப்பெருக்கப் பருவத்தில் நாளுக்குச் சராசரியாக 3 மணி நேரம் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டன. வாரக்கணக்கில் இது தொடர்ந்தது. அவற்றில் ஒன்று தன் தூக்கத்தைப் பாதியாகவே குறைத்துவிட்டது.

இத்தனை உழைப்புக்கும் எரிபொருள் எங்கிருந்து வருகிறது? இரை தேட நேரமில்லாத ஆண், தன் உடலையே எரிக்கிறது. இந்த மாற்றத்தை நடத்துவது கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன். தசையில் உள்ள புரதத்தைச் சர்க்கரையாக மாற்றி உடனடி ஆற்றலாகத் தருவது அதன் வேலைகளில் ஒன்று. பெரும்பாலான பாலூட்டிகளில் இது ஆபத்துக் காலத்தில் ஏறி, ஆபத்து நீங்கியதும் இறங்கும். ரத்தத்தில் அளவு கூடியதை மூளை உணர்ந்து அட்ரீனல் சுரப்பிக்குக் கடிவாளம் போடும். தவிர, ரத்தத்தில் ஒரு புரதம் கார்ட்டிசாலின் பெரும்பகுதியைப் பிணைத்து வைத்துக்கொள்ளும். பிணைபடாமல் மிஞ்சுவது மட்டுமே திசுக்களில் வேலை செய்யும். ஆண் ஆன்டிகைனஸில் இந்த இரண்டு காப்புகளும் ஒரே சமயத்தில் கழன்றுவிடுகின்றன. உச்சத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன், பிணைக்கும் புரதத்தின் அளவைக் குறைத்துவிடுகிறது. கார்ட்டிசால் உற்பத்தியோ ஏறிக்கொண்டே போகிறது. மூளையின் கடிவாளம் வேலை செய்வதில்லை. கட்டுப்பாடற்ற கார்ட்டிசால் உடல் முழுவதும் பெருக்கெடுக்கிறது.

சில நாட்களுக்கு இது ஆணுக்கு அசாத்திய வலுவைக் கொடுக்கிறது. பின்பு விலை கேட்கிறது. எடை குறைகிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து தோல் தெரிகிறது. இரைப்பையிலும் குடலிலும் புண் உண்டாகி உள்ளே ரத்தம் கசிகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் சரிவதால், அதுவரை அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகளும் பாக்டீரியாக்களும் தலைதூக்குகின்றன. ரத்தசோகை வருகிறது. இந்த நிலையிலும், பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு இணை தேடித் திரியும் ஆண்களைக் காட்டில் காணலாம். பிறந்து பதினொன்றரை மாதம் ஆகும்போது கதை முடிந்துவிடுகிறது. நியூ இங்கிலாந்து தேசியப் பூங்காவில் 2023 ஆகஸ்டில், இறந்து கிடந்த ஓர் ஆன்டிகைனஸை இன்னோர் ஆன்டிகைனஸ் தின்றுகொண்டிருந்தது படமாகப் பதிவாகியது. பருவம் முடியாத வேளையில் செத்து விழுபவை உயிரோடு இருப்பவற்றுக்குச் சுலபமான இரையாகின்றன.

ஆண்களின் இந்தக் கூட்டுமரணத்தை பட்ரிசியா வூலி 1966-இல் விரிவாக விளக்கினார். தொடர்ந்து ஆந்தனி லீ, ஆண்ட்ரூ காக்பர்ன் முதலிய ஆய்வாளர்கள் அதன் உடலியலையும் பரிணாமப் பின்னணியையும் வெளிக்கொணர்ந்தார்கள். பருவத்துக்கு முன்பே பிடித்துத் தனியாக வளர்க்கப்பட்ட ஆண்களும், விரை நீக்கப்பட்ட ஆண்களும் அந்தக் கெடுவைத் தாண்டி உயிர் வாழ்ந்தன. இதிலிருந்து, மரணத்துக்குக் காரணம் முதுமை இல்லை என்பது தெளிவாகிறது. அந்த உடல் இன்னும் வாழக்கூடிய உடல்தான். டெஸ்டோஸ்டிரோனும் போட்டியும் சேர்ந்துதான் அதைக் கொல்கின்றன.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை இனம் பெருக்கிவிட்டு மடிவது இயற்கையில் புதிதில்லை. மூங்கில் பூத்து மடிகிறது. பசிபிக் சால்மன் மீன் ஆற்றில் முட்டையிட்டு மடிகிறது. பாலூட்டிகளில் இது அரிது. ஆன்டிகைனஸுக்கு ஏன் இப்படியொரு வழி அமைந்தது? பிறக்கப்போகும் குட்டிகளுக்கு உணவு மிஞ்சட்டும் என்று தந்தைகள் தம்மை மாய்த்துக்கொள்கின்றன என்ற விளக்கம் பலகாலம் வலம்வந்தது. கேட்க உருக்கமாக இருந்தாலும் இது நிற்காது. ஓர் ஆண் இறப்பதால் மிஞ்சும் உணவு அதன் குட்டிகளுக்கு மட்டும் போவதில்லை, போட்டி ஆண்களின் குட்டிகளுக்கும் போகிறது. சாகாமல் தப்பி அடுத்த ஆண்டும் இணைசேரும் ஆண் ஒன்று தோன்றினால், தியாகம் செய்தவற்றின் வழியை அதன் வழி விரைவில் முந்திவிடும்.

டயானா ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு விடை தந்தது. ஆஸ்திரேலியா, பாப்புவா நியூ கினி, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் பூச்சியுண்ணும் பைப்பாலூட்டிகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக, பூச்சிகள் கிடைக்கும் காலம் ஆண்டில் ஒரு குறுகிய உச்சமாகச் சுருங்குகிறது. குட்டிகள் பால் மறக்கும் காலம் அந்த உச்சத்தில் விழுந்தால்தான் அவை பிழைக்கும். ஆகவே அங்குள்ள பெண்கள் இணைசேரும் பருவத்தைச் சுருக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் கருத்தரிக்கின்றன. குட்டிகள் மெதுவாக வளர்வதால் ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் இடமில்லை. ஆணுக்கோ அந்த இரண்டு மூன்று வாரமே வாய்ப்பு. இவ்வளவு சிறிய விலங்கு அடுத்த ஆண்டுவரை பிழைத்திருக்கும் சாத்தியம் எப்படியும் குறைவு. இந்நிலையில் உடலில் எதையும் மிச்சம் பிடிக்காமல் செலவழித்த ஆண்களின் வாரிசுகளே பெருகின. பருவம் குறுகக் குறுக, உடல் எடையோடு ஒப்பிடும்போது விரைகளின் அளவு பெரிதாக இருந்ததும் இதை உறுதிப்படுத்தியது. போட்டி ஆண்களின் உடல்களோடு நிற்காமல் விந்தணுக்களுக்கு இடையிலும் நடக்கிறது.

அந்தப் போட்டிக்குக் களம் அமைப்பது பெண். அது பல ஆண்களுடன் இணைசேரும். கிடைத்த விந்தணுவை அண்டக்குழலில் இரண்டு வாரம்வரை உயிரோடு வைத்திருக்கும். பிறகு சினைமுட்டை வெளிப்படும்போது எல்லா ஆண்களின் விந்தணுக்களும் ஒன்றாகப் பந்தயத்தில் இறங்குகின்றன. ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தைகள் இருப்பது சாதாரணம். இதனால் பெண்ணுக்கு என்ன லாபம் என்பதையும் ஃபிஷர் சோதித்துப் பார்த்தார். சில பெண்களை ஒரே ஆணுடன் மூன்று முறையும், சில பெண்களை மூன்று வெவ்வேறு ஆண்களுடனும் இணையவிட்டுக் காட்டில் விட்டார்கள். பின்னவற்றுக்குப் பிறந்த குட்டிகள் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகப் பிழைத்தன என்று 2006-இல் அவர்கள் அறிவித்தார்கள். பந்தயத்தில் வெல்லும் விந்தணுவைக் கொண்ட தந்தை, வலுவான குட்டிகளுக்கும் தந்தையாக இருக்கிறது.

கருக்காலம் ஏறத்தாழ 4 வாரம். பிறக்கும் குட்டி 4, 5 மில்லிமீட்டர் நீளமே இருக்கும், ஒரு பச்சரிசி மணியைவிடச் சிறியது. கண் இல்லை, காது இல்லை, பின்கால்கள் மொட்டாக மட்டுமே இருக்கும். முன்கால்கள் மட்டும் வளர்ந்திருக்கும். அவற்றின் உதவியால் தாயின் வயிற்று முடியைப் பற்றி ஊர்ந்து காம்பைத் தேடிப் போக வேண்டும். கங்காருவுக்கு உள்ளது போன்ற ஆழமான பை இங்கே கிடையாது. காம்புகளைச் சுற்றி எழும்பும் தோல் மடிப்புதான் பை. காம்புகளின் எண்ணிக்கை ஒரே இனத்திலும் இடத்துக்கு இடம் மாறும். 6, 8, 10 என்று அந்தந்தப் பகுதியின் பெண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பிறப்பவையோ பெரும்பாலும் காம்புகளைவிட அதிகம். முதலில் வந்து பற்றிக்கொண்டவை பிழைக்கும். காம்பு கிடைக்காதவை சில மணி நேரத்திலேயே இறந்துவிடும்.

காம்பைப் பற்றிய குட்டி சுமார் 5 வாரம் அதை விடாது. காம்பின் நுனி வாய்க்குள் உப்பிக் குட்டியைக் கோத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். தாய் இரை தேடி ஓடும்போது இளஞ்சிவப்புக் குட்டிகள் வயிற்றின் அடியில் கொத்தாகத் தொங்கி இழுபடும். அவை பருத்துச் சுமக்க முடியாமல் போனதும், பொந்தில் இலை பரப்பி அங்கே விட்டுவிட்டு வேட்டைக்குப் போய் வருகிறது. குட்டிகள் தாமாக வெப்பம் காக்க இன்னும் பழகவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஏறத்தாழ 3 மாதத்தில் அவை பால் மறக்கும். அப்போது எல்லாக் குட்டிகளையும் சேர்த்து நிறுத்தால் தாயின் எடையைத் தாண்டிவிடும். தன்னைவிடப் பெரிய பாரத்தைத் தன் பாலால் மட்டும் வளர்த்தெடுத்த தாய் அந்த வேளையில் எலும்பும் தோலுமாக இருக்கும். ஆணின் மரணம் எழுத்தாளர்களை ஈர்த்த அளவுக்குத் தாயின் இந்த உழைப்பு ஈர்த்ததில்லை. உடலைச் செலவழிப்பதில் அது ஆணுக்குச் சற்றும் குறைந்ததில்லை.

பால் மறக்கும் மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும், ஆஸ்திரேலியாவின் கோடை. பூச்சிகள் பெருகியிருக்கும் காலம். குளிர்காலத்தில் பகல் நீளும் வேகத்தைக் கொண்டு பெண்களின் உடல் கணக்கிட்ட தேதி இங்கே பலிக்கிறது.

பிரியும் வேளை வரும்போது ஆண்குட்டிகள் எல்லாம் வீட்டைவிட்டுப் போகின்றன. பெண்குட்டிகள் தாயின் எல்லையிலேயே தங்குகின்றன. மகன் போன கூட்டில் வேறொரு தாயின் மகன் வந்து ஒட்டிக்கொள்கிறது. தாய் அதைத் துரத்துவதில்லை. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வதைத் தவிர்க்கும் ஏற்பாடு இது. தாய்களில் பெரும்பாலானவை முதல் ஈற்றோடு முடிந்துபோகும். சில இரண்டாம் ஆண்டும், மிகச் சில மூன்றாம் ஆண்டும் குட்டி ஈனும். ஆணுக்கு அந்த இரண்டாம் ஆண்டு கிடையாது.

இந்த வாழ்க்கை முறை ஒரு பலவீனத்தையும் உள்ளடக்கியிருக்கிறது. ஆண்கள் இறந்தபின் அந்த இனத்தின் எதிர்காலம் முழுவதும் சில வாரம் கருவுற்ற பெண்களிடம் மட்டுமே இருக்கும். அந்நேரம் தீயோ பூனைகளோ அவற்றை அழித்தால், மீட்டெடுக்க அங்கே ஆண்களே இல்லை. பழுப்பு ஆன்டிகைனஸ் போன்ற பரவலான இனங்கள் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்து நிரப்பிக்கொள்ளும். மலைமுகடுகளில் ஒதுங்கி வாழும் இனங்களுக்கு அந்த வாய்ப்பில்லை. குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பேக்கரும் அவருடைய குழுவினரும் 2012 முதல் நான்கு புதிய இனங்களை அறிவித்தார்கள். அவற்றுள், 2013-இல் அறிவிக்கப்பட்ட வெள்ளித்தலை ஆன்டிகைனஸ் குவீன்ஸ்லாந்தின் குரூம்பிட் டாப்ஸ் போன்ற சில உயர்நிலங்களிலும், 2014-இல் அறிவிக்கப்பட்ட கருவால் ஆன்டிகைனஸ் குவீன்ஸ்லாந்து–நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் உள்ள பழைய எரிமலையின் ஈரமான உச்சிகளிலும் மட்டுமே வாழ்கின்றன. இரண்டும் அழியும் நிலையில் உள்ளவை என ஆஸ்திரேலிய அரசு 2018-இல் பட்டியலிட்டது. வெப்பம் கூடும்போது குளிர்ந்த ஈரக்காடு மேல்நோக்கிச் சுருங்கும். உச்சிக்கு மேல் ஒதுங்க இடமில்லை. பூச்சிகள் பெருகும் காலம் வெப்பத்தையும் மழையையும் பொறுத்து முன்னே நகரலாம், பின்னே நகரலாம். பகல் நீளும் வேகம் நகராது. இவ்விரண்டும் விலகிப்போகும் ஆண்டில், பெண்கள் வழக்கமான தேதியில்தான் கருத்தரிக்கும், ஆண்களும் வழக்கமான தேதியில்தான் மடியும். குட்டிகள் பால் மறந்து வெளியே வரும்போது சருகில் இரை குறைவாக இருக்கும்.